பூசையறையில் தங்கிய ஆற்றுத் தண்ணீர்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் என்று சாக்குச் சொல்லலாம். வெட்கம்தான் உண்மையான காரணம்.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. எங்கள் ஊரான காஜா பெராங்கில் எங்கள் ஆட்கள் குளிக்கும் ஆற்றுத் துறையில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, சுகாதார இன்ஸ்பெக்டர் கோயிலுக்கு வந்து ஆள் கேட்டார். சாமிக்கு முன்னால் கேட்டதால் கையைத் தூக்கிவிட்டேன். சனிக்கிழமை காலையில், அவர் கொதிக்க வைத்து மூடித் தரும் சீசாவில் தண்ணீர் பிடித்து நேரே ஆபீசில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

காலையில் எனக்குப் பூசை இருந்தது. அதனால் முதல் நாள் மாலையே பிடித்துவிடுவேன். மருந்து வாடை அடிக்கும் சீசாவில் ஆற்றுத் தாயை அடைத்து வைக்க மனம் வரவில்லை. செப்புக் குடத்தில் ஊற்றிச் சாமி படத்தடியில் வைத்து, விடிந்ததும் சீசாவுக்கு மாற்றுவேன்.

வாராவாரம் "நல்ல தண்ணி" என்றே பதில் வந்தது. என் பக்திக்கு ஆறே கட்டுப்பட்டது போல நடந்தேன்.

"ஆறு எப்படியோ, ஒங்க தலைதான் கனத்துப் போச்சு" என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டு லாரிக்காரர் கேட்டார்: "அண்ணே, மக ஆத்துல குளிக்கிறா. வாய்க்குள்ள தண்ணி போவுது. ஒன்னும் ஆவாதுல்ல?"

"நான்தானே பாக்குறேன்லா. தாராளமா விடு."

மூன்றாம் வாரம் அந்தப் பிள்ளை டைபாய்டு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து, "எப்படிப் பிடிக்கிறீங்க, காட்டுங்க" என்றார். பெருமையாகப் பூசையறைக்கு அழைத்துப்போனேன். ராத்திரி தண்ணீர் இருப்பது இதில்தான் என்று குடத்தைக் காட்டினேன். அவர் அதைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"செம்புல ஒரு ராத்திரி இருந்தா கிருமி செத்துப்போவும், ஐயா. நீங்க ஆத்தைக் கொண்டு வரல. ஒங்க வீட்டுத் தீர்த்தத்தக் கொண்டு வந்திருக்கீங்க."

அவரே போய்ப் பிடித்த தண்ணீரில் கிருமி மண்டிக் கிடந்தது. துறையில் குளிக்கக் கூடாதென்று பலகை நட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய் லாரிக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் விட்டேன், அண்ணே" என்றார். அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

முருகன் புண்ணியத்தில் பிள்ளை பிழைத்தாள். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் லாரிக்காரர் என்னோடு வந்தார். நான் சீசாவை மூடும்வரை கண் எடுக்க மாட்டார். "ஆபீசுக்கு இந்தப் பக்கம், அண்ணே" என்று வழியும் காட்டுவார். எனக்கு அது வேண்டியதுதான்.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் இப்படியே சொல்லுங்கள். பக்தியால் தவறிய நல்லவன் என்று மெருகேற்ற வேண்டாம். சொன்னபடி செய்யாதவன், அவ்வளவுதான்.