எடைமேடை தாண்டும் வரை

எங்கள் போன் சண்டையெல்லாம் எடைமேடைக்குக் கிட்டே வந்ததும் அறுந்துவிடும். ஒரகடம் தாண்டி வாலாஜாபாத் போகும் சாலையில் லாரிகளை எடை போடுகிற இடம் அது. அதுவரை 3ஜி டவர், அதற்கப்புறம் பழைய 2ஜிதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது போன் தடுக்கி விழும்.

3ஜி எங்கள் பக்கம் வந்த புதிது. காரின் பின்சீட்டில் லேப்டாப்பும் டெஸ்ட் போனுமாக உட்கார்ந்து, சிக்னல் எங்கே நொண்டுகிறது என்று பார்ப்பது என் வேலை. எதிர்முனையில் யாராவது பேசிக்கொண்டே இருந்தால்தான் குரல் எங்கே உடைகிறது என்று தெரியும். அதற்காக டீமில் ஒவ்வொருவரும் ஓர் ஆளைப் பிடித்து வைத்திருந்தோம். ஒருத்தர் மாமியாருக்குப் போன் போடுவார். மாமியார் பேசுகிற பேச்சில் இவர் வாயையே திறக்காமல் வாலாஜாபாத் வந்துவிடும். எனக்கு அவன்.

அவன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. நைட் ஷிப்டு முடித்துவிட்டு ஹாஸ்டலில் என் போனுக்காகத் தூங்காமல் கிடப்பான். நான் பிள்ளைப்பாக்கத்துக் கிறிஸ்தவ வீட்டுப் பெண். எங்கள் வீட்டில் காதல் விஷயத்தைச் சொல்லி, அப்பாவிடம் கன்னத்தில் ஓர் அறை வாங்கி, அம்மாவை வழிக்குக் கொண்டுவந்தும் ஆயிற்று. அவன் வீட்டில்தான் இன்னும் சொல்லவில்லை. சண்டை அது ஒன்றுக்குத்தான்.

"ஊருக்குப் போனியே, வூட்ல சொன்னியா இல்லியா?"

"சொல்லுதேன்ட்டி. அம்மைக்கு மேலுக்குச் சொகமில்ல, இப்பம் எப்படிச் சொல்ல?"

"போன தபா தங்கச்சிக்குப் பரிச்சைன்ன. நான் கெயவி ஆனப்புறம் சொல்லுவியா? தோ, எடைமேட வருது, சீக்கிரம் சொல்லித் தொல."

"நான் என்ன சொல்லுதேன்னா..."

அவ்வளவுதான், கட். பேச்சு அறுந்தால் அந்தத் தூரத்தை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். டிரைவர் அண்ணன் முனகிக்கொண்டே வண்டியைத் திருப்புவார். அதற்குள் அவன் என் சொந்த நம்பருக்கு அடித்து, "சாப்பிட்டியாட்டி?" என்பான். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிடும். அவன் சொல்ல வந்தது என்ன என்று கேட்க மறந்துவிடுவேன்.

அறுவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். 3ஜியில் பேசும் போனுக்குக் காது ஒன்றுதான். அதைப் பேச்சிலிருந்து எடுத்துப் பக்கத்து 2ஜி டவர் பக்கம் திருப்பிப் பார்க்க, நெட்வொர்க் நடுநடுவே சின்னச் சின்ன இடைவெளி கொடுக்கும், கண் சிமிட்டுவதைவிடச் சின்னது. அதை எப்போது ஆரம்பிப்பது, எவ்வளவு நேரம், எவ்வளவு அடிக்கடி என்பதெல்லாம் நாங்கள் வைக்கிற எண்கள். எங்கள் டவரில் சிக்னல் சாகக் கிடக்கும்போதுதான் இடைவெளியே ஆரம்பிக்கும். எண்ணெய் புகைந்த பிறகு கடுகு டப்பாவைத் தேடுகிற கதை. முன்கூட்டியே ஆரம்பித்தால் மற்ற இடங்களில் பேச்சின் தரம் குறையும் என்று ஆபீஸில் இழுத்தடித்தார்கள். நான் விடுவேனா? நச்சரித்தே மாற்ற வைத்தேன்.

மாற்றியபின் முதல் டெஸ்ட். அவன் மறுபடி ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தான். ஒரகடம் தாண்டியதும் அவனே கேட்டான்.

"எடைமேடை வந்துட்டாட்டி?"

"வந்துட்ச்சு. வூட்ல இன்னா சொன்னாங்க?"

"அதாம்ட்டி. நான் என்ன சொல்லுதேன்னா..."

நிறுத்திக்கொண்டான். எடைமேடை பின்னால் போயிற்று. போன் 2ஜிக்கு மாறிவிட்டதை லேப்டாப் காட்டியது. அவன் மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இன்னும் கட் ஆவலயா?" என்றான்.

"இனிமே ஆவாது. சரி பண்ணிட்டேன்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவன் அந்தப் பேச்சை அறுகிற இடம் பார்த்துத்தான் ஆரம்பித்திருக்கிறான். இடம் வந்துவிட்டதென்று நானே அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சொல்லு," என்றேன்.

"எனக்கு நிச்சயம் பண்ணியாச்சு. ஒன்னப் பத்தி வீட்டுல நான் வாயே தொறக்கல. என்னால முடியாதுட்டி."

ஓர் எழுத்துகூட உடையாமல் வந்து சேர்ந்தது. என் வாய்க்குத் தெருவே பயப்படும். நான் அதைத் திறப்பதற்குள் அவன் போனை வைத்துவிட்டான். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அவன் திரும்பக் கூப்பிடுவான் என்று என் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். "இன்னா மேடம், கட் ஆய்ட்ச்சா? திருப்பிக்கினு வரட்டா?"

"இல்லண்ணா. அவனே வச்சிட்டான்."

"அப்போ டெஸ்ட் ஓகேதான?"

"ஓகேதாண்ணா," என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.