சம்பந்தியம்மாளை நான் தொடவில்லை

எங்கள் முதலுதவி வகுப்பில், இதயம் நின்றவரின் மார்பை அழுத்திப் பழக ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. தலையும் மார்பும் மட்டும்தான். கைகளும் இல்லை, இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. நடுமார்பில் இரண்டு கைகளையும் வைத்துச் சரியான ஆழத்துக்கு அழுத்தினால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். வராவிட்டால் அழுத்தம் போதவில்லை என்று பொருள். கல்லூரியில் உடலியல் கற்பித்து ஓய்வு பெற்றபின், ஆம்புலன்ஸில் உதவியாளர்களாகச் சேர விரும்பிய இளைஞர்களுக்கு நான் ஞாயிறுதோறும் தமிழில் பாடம் எடுத்தேன். வகுப்பு நடந்தது மும்பை தாராவியில், ஒரு தையல் பட்டறையின் மாடியில். மெஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் பொம்மையைப் படுக்க வைப்போம்.

அந்த இடத்தைக் கொடுத்தவர் என் சம்பந்தியம்மாள். என் மகன் விரும்பி மணந்த பெண்ணின் தாய். கணவரும் அவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரே ஒரு மெஷினில் தொடங்கி, பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தவர்கள். எங்கள் பூர்வீகமும் அதே பக்கம்தான். ஆனால் நாங்கள் இரண்டு தலைமுறையாக மாட்டுங்காவில் மாதச் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள். தாராவியில் பெண் எடுத்தது உள்ளூர எனக்கு ஒரு குறை. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பதிலாக மரியாதையைக் கூட்டிவிட்டேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன். டீ டம்ளரை அவர் கையிலிருந்து வாங்க மாட்டேன், கீழே வைத்தபின் எடுத்துக்கொள்வேன். எல்லாரும் அதைப் பண்பு என்றார்கள். நானும் அப்படியே நம்பிக்கொண்டேன்.

அவருக்கோ அப்படிப்பட்ட கூச்சமே கிடையாது. ஒருநாள் டீத் தட்டோடு மேலே வந்தவர் பொம்மையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன சம்பந்தி, எல்லாப் பாடமும் ஆம்பளைக்குத்தானா? பொம்பளைக்கு நெஞ்சு நிக்காதோ?"

பையன்களில் ஒருவன், "பொம்பளைக்கு மூஞ்சில சோடா தெளிச்சாப் போதும் அத்தை" என்றான்.

"உன் மாமியா மூஞ்சில தெளி. எந்திச்சு அறைவா."

வகுப்பே சிரித்தது. அடுத்த ஞாயிறு நான் போனபோது பொம்மை ஒரு ஜாக்கெட் அணிந்திருந்தது. வெட்டி மிஞ்சிய துணியில் அவரே தைத்து, உள்ளே பஞ்சு அடைத்து, மேலே ஒரு பழைய சேலையும் சுற்றியிருந்தார். "இப்ப அமுக்குங்கலே, பாப்போம்" என்றார். ஒருவனும் முன்னால் வரவில்லை. ஒருவனையொருவன் இடித்துக்கொண்டு நெளிந்தார்கள். "அவ செத்துக்கிட்டு கெடக்கா, இவனுவளுக்கு வெக்கத்தைப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கிப் போனார். ஆசிரியன் என்ற முறையில் நான்தான் முதலில் கை வைத்துக் காட்டியிருக்க வேண்டும். நான் சேலையை அவிழ்த்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு, உயிருக்கு ஆண் பெண் கிடையாது என்று நீளமாகப் பேசினேன். பிறகு வெற்றுப் பொம்மையை வைத்தே பாடத்தை முடித்தேன்.

நான் மோசமான ஆசிரியன் இல்லை. விழுந்தவரிடம் ஓடுவதற்கு முன் மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்காதே, நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். எதையும்விட அதிகமாக நான் வற்புறுத்தியது நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் முறையை. பார்த்ததைச் சொல், செய்ததைச் சொல், செய்யாததைச் செய்யவில்லை என்று சொல். நீ சொல்லும் பொய்யை நம்பி டாக்டர் வைத்தியம் பார்ப்பார் என்பேன்.

பேரனுக்குக் காதுகுத்து செம்பூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். மகன் யாரையோ ஸ்டேஷனில் விடப் போயிருந்தான். மருமகள் மாடியறையில், அழுத குழந்தைக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தாள். பாயச வாளியோடு வந்த சம்பந்தியம்மாள் கை கழுவும் இடத்தருகே வாளியைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்தார். பிடி நழுவி விழுந்தார்.

முதலில் ஓடியவன் நான். தோளைத் தட்டுவதற்குப் பதிலாகத் தோளருகே தரையைத் தட்டி, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன். அசைவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னேன். வாய் திறந்து, நீண்ட இடைவெளி விட்டு, கொர்ரென்று ஓர் இழுப்பு வந்தது. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். அது மூச்சு அல்ல, இதயம் நின்றபின் உடல் கடைசியாக இழுத்துப் பார்ப்பது என்று அந்த மண்டபத்தில் அறிந்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கணத்தில் கைகளை நடுமார்பில் வைத்திருக்க வேண்டும். வைக்கப் போனேன். பட்டுச்சேலை விலகியிருந்தது. எதிரே அவர் கணவர், என் சம்பந்தி, நின்றார், அவருக்குப் பின்னால் அந்த அம்மாளின் அண்ணன்மார். என் கை பாதியில் நின்றது. "பொம்பளைங்க யாராவது வாங்க, சேலையைக் கொஞ்சம் தளர்த்துங்க" என்றேன். பெண்கள் வந்தார்கள், இரண்டு பேர் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். மறைப்புக்கு வெளியே நான் மணிக்கட்டின் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அதில் நாடி இல்லை. பார்த்தவர்களுக்கு அது வைத்தியமாகத் தெரிந்தது.

ஆம்புலன்ஸில் வந்த பெண் என் பழைய மாணவி. அந்தப் பையன்களுக்குப் பிந்தைய வகுப்பில், ட்ராம்பே பக்கத்துச் சீத்தா கேம்பிலிருந்து ஞாயிறுதோறும் தவறாமல் வந்தவள். "ஹட்டோ, எல்லாரும் ஹட்டோ" என்று கூட்டத்தையும் மறைப்பையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து முட்டி போட்டவள் என்னைப் பார்த்தாள்.

"சார், நீங்களா? அமுக்கிட்டு இருந்தீங்கள்ல?"

"ஆமாம்மா. விழுந்ததிலிருந்து."

"அப்ப சான்ஸ் இருக்கு சார்" என்றாள். அவள் கைகள் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தன. அவள் முகத்தில் வந்த நம்பிக்கையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரிடம் அவள் இந்தியில் அதையே சொன்னாள்: விழுந்த நொடியிலிருந்து அழுத்தம் கொடுக்கப்பட்டது, கொடுத்தவர் எங்கள் ஆசிரியர். என் பொய்யை அவள் எவ்வளவு ஒழுங்காக ஒப்படைத்தாள்! நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர்கள் வெகுநேரம் போராடியும் பயனில்லை.

நான் அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த நினைப்பைப் பல வருடங்களாக எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஆறுதல் அதிலிருந்து வரவில்லை. பொய் மட்டும் வளர்ந்தது. "மாமா கடைசி வரைக்கும் விடல" என்று மருமகள் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்கு இரண்டு மடங்கு அன்பு காட்டினாள். திவசத்தன்று சம்பந்தி என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்தக் கைகளை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் மருமகளின் ஆபீஸில் முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றாள்.

"மாமா, இன்னிக்கு ஒரு வீடியோ போட்டாங்க. ஒருத்தர் அப்படியே இழுத்து இழுத்து மூச்சு விட்டாரு. அம்மாவும் அப்படித்தான் இழுத்தா. நான் மாடியிலேர்ந்து இறங்கி வர்றப்ப பார்த்தேன். அப்ப உங்க கை அம்மா மணிக்கட்டுலதான் இருந்துச்சு."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. நான் ஏதாவது விளக்கம் சொல்லிவிட மாட்டேனா என்று கெஞ்சுவதுபோல இருந்தது. கொஞ்ச நேரம் அழுத்தியபின் கையை எடுத்திருந்தேன் என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பாள். நான் சொன்னேன்: "நான் அழுத்தவே இல்லைம்மா. சம்பந்தியம்மாளைத் தொடக் கூச்சப்பட்டேன். அப்புறம் பொய் சொன்னேன்."

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மாவைத் தொடக் கூச்சமா, இல்ல எங்க வீட்டைத் தொடக் கூச்சமா மாமா?" என்றாள். "அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையிலேயே தாராவிக்குப் போனேன். சம்பந்தி தனியாக மெஷின் முன்னால் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஊசியிலிருந்து நூலை எடுத்து மறுபடி கோத்தார். பிறகு தலை நிமிராமல் பேசினார்.

"எனக்குத் தெரியும் சம்பந்தி. எதிர்லதான நின்னேன்? நீங்க கைய நீட்டினிய. நீட்டிட்டு ஏறிட்டு என் மூஞ்சியப் பாத்திய. நான் செய்யுங்கன்னு ஒரு தலையசைப்பு அசைச்சிருந்தா செஞ்சிருப்பிய. மனசு வரல. அத்தனை பேருக்கு முன்னால எம் பொண்டாட்டி நெஞ்சுல இன்னொருத்தர் கை வைக்கவான்னு தோணிச்சு. உங்க கைய வருசாவருசம் கண்ணுல ஒத்தினேன்ல, அது எதுக்குங்கிய? என்னையக் காட்டிக் குடுக்காம இருக்கியளேன்னுதான்."

சொல்லிவிட்டு அவர் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானோ உள்ளுக்குள் லேசானேன். என் சுமையில் பாதியைச் சுமக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார். அப்படியே தலையாட்டிவிட்டு அவர் அருகில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து அழுதிருக்கலாம். என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் வெட்கப்படுவது மண்டபத்தில் கை நின்றதற்காக அல்ல, இந்த லேசான கணத்துக்காகத்தான்.

"உங்களுக்கு அது மூச்சுன்னு தோணிச்சு சம்பந்தி" என்றேன். "மூச்சு இருக்கு, பிழைச்சுக்குவாங்கன்னு நினைச்சு நின்னீங்க. அது மூச்சு இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்களே என் கையைப் பிடிச்சு வச்சிருப்பீங்க."

அவர் முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தெரியுமா?" என்றார். "அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

எங்கள் வீட்டார் வந்து போனால், வேண்டாம் என்றாலும் கேட்காமல், மெயின் ரோடு வரை கூடவே வந்து டாக்சியில் ஏற்றிவிடுவது அவர் வழக்கம். அன்று நான் படி இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் வருவாரா என்று சற்று நேரம் நின்றேன். மேலே மெஷின் ஓடத் தொடங்கியது.