கலியன் போட்ட ரவிக்கை

மரக்காணத்து உப்பளத்தில் பகலெல்லாம் உப்பு வாரும் கலியன், கூத்து நடக்கும் நாட்களில் ராணி. கட்டை மீசையைக் கூத்துக்கு முதல் நாள் மழித்துவிட்டு, முடிந்ததும் மறுபடி வளர்ப்பான். புடவை கட்டி நின்றான் என்றால் எனக்கே வயிறு எரியும். ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு படித்தவன். அதனால் அவன் இவன் என்றுதான் எழுதுவேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் எங்கள் மகளிர் குழுவிலிருந்து நானும் அமுதவல்லியும் புதுச்சேரியில் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தோம். ஊர் ஊராகப் போய், மார்பில் கட்டி இருக்கிறதா என்று பெண்கள் தாங்களே தடவிப் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். சோதனைக்குப் போகிற ஏழைகளின் செலவுக்கு நன்கொடை திரட்ட வேண்டும். சுலபமான வேலை என்று சொல்லி அனுப்பினார்கள். சொன்ன மகராசி பக்கத்து ஊர் அனுமந்தைக்கு ஒருநாள் வந்து பார்த்திருக்க வேண்டும். நாங்கள் மார்பகப் படத்தை விரித்ததுமே பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அஞ்சம்மாள் என்றொருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது.

"நாமளே செஞ்சு காட்டிடலாமா?" என்றேன்.

"நீ செய். நான் மைக் புடிக்கிறேன்," என்றாள் அமுதவல்லி.

எனக்கும் துணிச்சல் இல்லை. கலியனிடம் போனேன்.

"பொம்பளைங்க வெவகாரத்துல நான் எதுக்கு மேரி?"

"பொம்பளையாத்தான வரப்போற."

ஒப்புக்கொண்டான். ரவிக்கைக்குள் இலவம்பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுப்பது எப்போதும் அவன் மனைவி பொன்னிதான். இதற்கும் அவளே தைத்தாள்.

முதல் நிகழ்ச்சி அனுமந்தையிலேயே, உப்புக் குவியல்களுக்குப் பக்கத்தில் நடந்தது. பெண்கள் சமாசாரம் என்பதால் ஆண்கள் முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர் வெங்கடாசலம் உத்தரவு போட்டார். ஓர் ஆண் பிள்ளையின் பஞ்சு மார்பைப் பார்க்கக்கூடாது என்று ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கடலைப் பார்த்து நின்றார்கள். கூத்தில் பணம் கொடுத்தவர் பெயரைப் பாடிச் சொல்வது வழக்கம். அதை விடுவார்களா? திரும்பியபடியே கையைப் பின்னால் நீட்டி நோட்டைக் கொடுத்தார்கள். ராணி ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, மறு கையால் அக்குளைத் தடவிக்கொண்டே, "அரசப்பன் அவர்கள் அன்பளிப்பு ரூபாய் பத்தே" என்று ராகம் இழுத்தாள். அரசப்பனின் முதுகு பூரித்துப்போனது.

கண்டுபிடிக்க ஒரு கட்டி வேண்டுமே என்று கலியன் பஞ்சுக்குள் ஒரு கல் உப்பை வைத்திருந்தான். உப்பளத்தான் புத்தி உப்பைத் தாண்டுமா? ஆட்டம் முடிந்து பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து தொட்டுப் பார்த்தபோது கட்டியே இல்லை. வியர்வையில் கரைந்துவிட்டது.

"ஆடினா கரைஞ்சிடுதுடி," என்றாள் அஞ்சம்மாள்.

மறுநாள் காலை உப்பளத்தில் பாதிப் பெண்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வைத்தியத்தை அவர்கள் தலையிலிருந்து இறக்குவதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அதன் பிறகு கட்டி வைக்கும் வேலையையும் பொன்னி எடுத்துக்கொண்டாள். பஞ்சுக்குள் ஒரு புளியங்கொட்டையை வைத்துத் தைப்பாள். ஒவ்வொரு தடவையும் இடது பக்கம், அக்குளை ஒட்டி.

"இடத்த மாத்து பொன்னி. கீழ்புத்துப்பட்டுல எல்லாரும் நேரா அங்கயே கைய வெக்கிறாளுங்க," என்றேன்.

"அங்கதான்க்கா இருக்குது."

"யாருக்கு?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கு. பொங்கலுக்கு முன்னாடிலேந்து."

கலியனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஊரு பொம்பளைங்க எல்லாம் அந்தாளத் தொட்டுப் பாத்துட்டாங்க. அந்தாளு ஒருநாளாவது என்னக் கேட்டாரா?"

நேராக உப்பளத்துக்குப் போய், நாலு பேர் பார்க்கக் கலியனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். கூடையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். பொன்னி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"போனா ஒண்ண எடுத்துடுவாங்கன்னு நீதான்யா பாடுன. அப்புறம் நான் பொம்பளையா?"

இதே கேள்விக்கு ஊர் ஊராகப் பாட்டில் பதில் சொன்ன ராணிக்கு அந்தப் பாட்டு இப்போது உதவவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்:

"நான் பஞ்ச வெச்சிக்கினு ராணின்னு நிக்கிறேன். ஊரே நம்பி அழுவுது. நீ போய் இதக் கேக்குறியே."

பொன்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். மறுநாள் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினோம். முதுகைக் காட்டிக் கொடுத்தவர்களின் பணம்தான் செலவுக்கு ஆனது. இடது மார்பை எடுத்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் நான் யேசுவுக்கு நன்றி சொன்னேன். கலியன் அவனுக்குத் தெரிந்த சாமிகளுக்கெல்லாம் சொன்னான்.

2006 கோடையில் மறுபடி அனுமந்தையில் நிகழ்ச்சி. பொன்னி புது ரவிக்கை தைத்து நீட்டினாள். வலது பக்கம்தான் பஞ்சு இருந்தது. இடது பக்கம் வெறும் துணி. கலியன் ரவிக்கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், போட்டுக்கொண்டான்.

மேடை ஏறியதும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவோ ஏதோ என்று ஆண்களும் திரும்பிவிட்டார்கள்.

"ராணிக்கு ஒண்ணு எங்கடி?" என்று ஒருத்தி கத்தினாள்.

"எடுத்துட்டாங்க," என்றான் கலியன், ராணியின் குரலில். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறானே பாவி என்று பார்த்தால், நானும் அழுதுகொண்டிருந்தேன். ஓரமாக உட்கார்ந்திருந்த பொன்னி எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"இந்தாளுக்குப் பஞ்சுதான் போச்சு. எடுத்தது எனக்கு. நான் என்ன கொறஞ்சா போயிட்டேன்? காலையிலகூட இந்தாளோட சண்ட போட்டுட்டுத்தான் வந்தேன்," என்றாள்.