சறோ அக்காவின் மங்குப் பானை

மேசையில் ஒரு கோப்பை

“கையில் தராதே, கீழே வை,” என்றார் ஊர்சுலா.

நான் நீட்டிய பீங்கான் கோப்பை அந்தரத்தில் நின்றது. அருங்காட்சியக வேலையில் ஒரு பொருள் கைக்குக் கை மாறுவதில்லை. ஒருவர் மேசையில் வைத்துக் கையை எடுத்த பிறகுதான் மற்றவர் தொடுவார். வைத்தேன். அவர் எடுப்பதற்கு முன், கோப்பை சிறிது நேரம் யாருடையதாகவும் இல்லாமல் மேசையில் இருந்தது.

நீங்களும் வரலாறு படித்துவிட்டு எங்காவது பிராக்டிகும் செய்தவரென்றால், மாணவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சி என்னவென்று தெரியும். கோப்பி இயந்திரம், நகல் இயந்திரம், கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்குதல். பிராங்பேர்ட்டில், ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிறிய அருங்காட்சியகத்தில் எனக்கும் இதெல்லாம் கிடைத்தன. ஆனால் பொருள்கள் இருக்கும் நிலவறையின் பொறுப்பாளர் ஊர்சுலா, வந்த வாரமே என்னை உள்ளே விட்டார். கோப்பையின் விளிம்பில் ஓரிடம் மட்டும் தேய்ந்திருந்தது. ஒரே பக்கமாக வாய் வைத்துக் குடித்த யாரோ ஒருவர். யார் என்று கேட்டேன்.

“தெரியாது. அதனால்தான் இவ்வளவு மெதுவாகத் தூக்குகிறோம்.”

பித்தளைக் காலம்

இந்த நகரத்துக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களின் சமையலறைகள் பற்றி ஒரு கண்காட்சி. அதில் தமிழர்களுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்கு நான் பொறுப்பு. பொருள் கிடைக்காவிட்டால் பெட்டியையே எடுத்துவிடுவார்கள். கோயிலில் அறிவித்தேன். குத்துவிளக்குகள் வந்தன. சமையலறைப் பொருள்தான் வேண்டும் என்றேன். இன்னும் பெரிய குத்துவிளக்குகள் வந்தன. மியூசியம் என்றால் பித்தளை என்பதில் எங்கள் சனத்துக்குச் சந்தேகமே இல்லை.

கடைசியில் சறோ அக்காவிடம் போனேன். கோயில் திருவிழாச் சமையலுக்கு அவர்தான் தலைமை. அவரிடம் நீலநிற எனாமல் பூசிய பெரிய பானை ஒன்று இருந்தது. மங்குப் பானை என்பார். அகதியாக வந்த புதிதில் பழம்பொருள் சந்தையில் வாங்கியது.

“அகதியள் இருந்த ஹைம் முத்தத்தில கல்லு வைச்சு இதிலதான் முதல் பொங்கல் பொங்கினனாங்கள். சினோப் பனி கொட்டுது. புகையைக் கண்டிட்டு, கட்டடம் பாக்கிற ஹவுஸ்மாஸ்டர் போன் அடிச்சிட்டான். ஃபயர் பிரிகேட் வந்து நிக்குது, பால் பொங்கிற நேரம். எனக்கு டொச்சில பாலுக்குச் சொல்லுற ஒரு சொல்லுத்தான் தெரியும். பானைக்கு முன்னால நிண்டு மில்ஷ், மில்ஷ் எண்டு கத்தினன்.”

குழாயைப் பிடித்தபடி வந்தவர்கள் நின்றுவிட்டார்களாம். பால் பொங்கி வழிந்தது. அரிசி போட்டார்கள். அவர்கள் அப்போதும் நின்றார்கள். நெடுநேரம் கழித்து அவர்களில் மூத்தவர் அருகில் வந்து கேட்டதை, பின்னொரு நாள் டொச் என்கிற ஜெர்மன் மொழி படித்தபோதுதான் அக்காவுக்கு விளங்கியிருக்கிறது.

“இப்போது அணைக்கலாமா, இன்னும் வேக வேண்டுமா?”

இரண்டாவது வரி

பானையை அக்காவே கொண்டுவந்தார். புதிதுபோல உரஞ்சிக் கழுவியிருந்தார். அடிப்பிடித்த கரியும் தேவை என்று நான் சொல்ல மறந்திருந்தேன். “பிற மனுசரிட்ட ஊத்தையாக் குடுக்கிறதோ?” என்றார்.

ஊர்சுலா மூடியைத் திறந்தார். முகம் மலர்ந்துவிட்டது. “எங்கள் அம்மாவிடமும் இதே மாதிரிப் பானை இருந்தது! துணி அவிக்கிற பானை. படுக்கைவிரிப்பு, உள்ளாடை, கைக்குழந்தையாக இருந்த என் தம்பியின் அணைத்துணி எல்லாம் அதில்தான்.”

மொழிபெயர்க்க வேண்டியவள் நான். மொழிபெயர்த்தேன்.

சறோ அக்கா பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நாங்கள் உடுப்பு அவிக்கிற பானையிலயே சாமிக்குப் பொங்கினது?” பிறகு மேசையிலிருந்து பானையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “வேண்டாம் பிள்ளை. நான் கொண்டுபோறன். இதை நீங்கள் எழுதி வைக்க, கோயில் சனம் முழுக்க வந்து வாசிக்கும். பிறகு அதுகள் என்ர கையால சாப்பிடுங்களே?”

அவர் என்ன சொல்கிறார் என்று ஊர்சுலா கேட்டார். சொன்னேன். பெட்டியின் விளக்க அட்டையில் எதை எழுதாமல் விடலாம் என்றும் கேட்டேன். ஊர்சுலா மறுப்பாகத் தலையசைத்தார். தெரிந்த ஒன்றை மறைத்து எழுத முடியாது. என் பெட்டி காலியாவது எனக்குத் தெரிந்தது. அதைவிட, திருவிழாவில் அக்காவின் வரிசையில் தட்டோடு நிற்கும் சனம் விலகிப் போவது கண்ணில் வந்தது.

ஊர்சுலா ஒரு நாற்காலியை இழுத்து அக்காவின் முன்னால் உட்கார்ந்தார். “இலையுதிர் காலத்தில் அம்மா அந்தப் பானையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, பிளம்ஸ் பழப் பாகு காய்ச்சுவார். நாள் முழுக்கக் கிண்டுவோம். தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.”

நான் அதையும் சொன்னேன். அக்கா நிமிர்ந்தார். “பிறகு சாப்பிட்டனீங்களோ?”

“ஒருவரோடொருவர் அடிபட்டுச் சாப்பிட்டோம்.”

அக்கா சிரிக்கவில்லை. பானையின் விளிம்பில் விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டு பெண்களும் அதற்குள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை, வெள்ளை எனாமல் மட்டும். யாரோ ஒரு தாய் கிண்டிய பாகும், பனிக்குள் பொங்கிய பாலும் ஒரே அடியில் பிடித்திருந்தன என்பதை நான் எந்தப் பாடநூலிலும் படித்திருக்க முடியாது.

அக்கா மேசையில் பானையை வைத்துக் கையை எடுத்தார்.

“எழுதுங்கோ. முதல் வரியில பொங்கல் பானை. உடுப்பு ரண்டாவது வரியில.”

திறப்பு நாள்

கோயில் சனம் திரண்டு வந்தது. முதல் வரியை உரக்க வாசித்தார்கள், இரண்டாவதைக் குரல் தணித்து. ஒருவர் மட்டும் சறோ அக்காவிடம் திரும்பி, “அக்கா, வாற திருவிழாக்கு எதில சமைக்கப்போறியள்?” என்றார்.

“வேற பானை வாங்கியாச்சு. அது என்னத்துக்குச் செய்ததெண்டு இன்னும் விசாரிக்கேல்லை.”

எனக்குத் தந்த சான்றிதழில், ‘பொருள்களோடும் அவற்றின் சொந்தக்காரரோடும் பழகத் தெரிந்தவர்’ என்று ஒரு வரி இருக்கிறது; சக வரலாற்று மாணவர்களே, இதைக் காட்டினால் எங்கே வேலை தருவார்களென்று தெரிந்தால் சொல்லுங்கள்.

கூட்டம் வைன் மேசைப் பக்கம் நகர்ந்தது. அக்காவின் கணவர் தேவன் அண்ணை, கம்பளித் தொப்பியோடு கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றார். விளக்கொளியில் நீலம் இன்னும் நீலமாக இருந்தது. சறோ அக்கா பக்கத்தில் வந்து நின்றார். பானையிலிருந்து கண்ணை எடுக்காமல், சாமி முன்னால் நிற்பதுபோல, கையை உயர்த்தி அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டார்.