பயறு வைத்து ஆடியவள்

மேற்கு டெக்சாஸில் டஸ்கர் என்ற ஊரில் ஒனெய்டா ப்ரூவிட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். ஊரில் மீசை வைத்த ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவளிடம் "கீழ உட்காருடா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அதைவிடப் பெரிய பெயர் ஒன்றும் அவளுக்கு உண்டு: பொய் பேச வராதவள். யாராவது புதுத் தொப்பியோடு வந்து "எப்படி இருக்கு?" என்று அவளிடம் கேட்டுவிட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் தரையைப் பார்ப்பார்கள். இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிடுவாள். கேட்டவனும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வான்.

அவள் அப்பா பருத்தி விவசாயி, கட்டுப்பெட்டியான பாப்டிஸ்ட் கிறிஸ்தவர். அவர் வீட்டில் சீட்டுக்கட்டு நுழையக் கூடாது, அது பாவம். புள்ளிக் கட்டைகளை வைத்து டாமினோ ஆடலாம், அது பாவமில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அதனால் ஒனெய்டா போக்கர் சீட்டாட்டத்தைக் கண்ணால் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். புருஷன் லாவெல் வியாழக்கிழமைதோறும் பருத்தி அரைக்கும் ஜின்னிங் ஆலை அலுவலகத்தில் ஆறு பேரோடு காசு வைத்து ஆடுவான். அந்த ஆறு பேரும் அதே பாப்டிஸ்ட் சபைதான். வியாழக்கிழமை நடந்ததை ஞாயிற்றுக்கிழமை யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள். ஆட்டக்காரர்களுக்கு சாண்ட்விச் செய்து கொண்டுபோவது ஒனெய்டாவின் வேலை. தட்டை வைத்துவிட்டு உடனே திரும்பாமல் கொஞ்ச நேரம் பின்னால் நிற்பாள். நின்று நின்றே ஆட்டம் அவளுக்குப் பிடிபட்டது. பிடிபட்டதும் பைத்தியமும் பிடித்தது.

சிநேகிதி ஆர்டித்தின் சமையலறையில் செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை அவள்தான் தொடங்கினாள். ஐந்து பெண்கள், ஒரு சீட்டுக்கட்டு, காசுக்குப் பதில் ஒரு டப்பா பின்டோ பயறு. "பாவம் சீட்டுல இல்லடி, காசுலதான் இருக்கு," என்றாள் ஆர்டித். மற்றவர்களுக்கும் அந்த வேதம் வசதியாக இருந்தது. இருந்தாலும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் ஆடினார்கள்.

ஆட்டம் எளிதானது. ஆளுக்கு ஐந்து சீட்டு. பார்த்துவிட்டுப் பந்தயம் போடலாம். பிடிக்காத சீட்டைக் கொடுத்து வேறு சீட்டு வாங்கலாம். பிறகு இன்னொரு தடவை பந்தயம். போட முடியாதவர்கள் கவிழ்த்துவிட்டு ஒதுங்க வேண்டியதுதான். ஆனால் ஆர்டித் வீட்டில் ஒருத்தியும் கவிழ்க்கவில்லை. கையில் ஒரு ஜோடி கூட இல்லாமல் ஆர்டித் பயறை அள்ளிக் கொட்டுவாள். கேட்டால், "பயறுதானே, போனா போகுது" என்பாள். இரண்டு மாதம் பொறுத்த ஒனெய்டாவுக்கு ஒரு நாள் கோபம் வந்துவிட்டது. "யாரு பயறு தீர்ந்துபோகுதோ அவதான் இன்னிக்கு அத்தனை பாத்திரமும் தேய்க்கணும். சீஸ் ஒட்டின தட்டு உட்பட," என்றாள். அன்றைக்கு ஆர்டித் தேய்த்தாள். அடுத்த வாரம் அதே ஆர்டித் இரண்டு ஏழு வைத்துக்கொண்டு யோசித்து யோசித்துக் கவிழ்த்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

அப்படிப் பன்னிரண்டு வருஷம். எந்தக் கை எதை வெல்லும், எது வரும், எது வராது, யார் மூச்சை இழுத்தால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் பயறு ஆட்டத்தில் நன்றாகவே வந்தது. வராதது ஒன்றுதான், உதார். கையில் ஒன்றுமில்லாமல் பெரிதாகப் போட்டு எதிராளியைப் பயமுறுத்தும் வித்தை அந்த மேசையில் செல்லாது. "பாத்திரம் தேய்ச்சாலும் பரவால்ல, உன் கையில என்ன இருக்குன்னு பார்க்காம விடமாட்டேன்" என்று யாராவது ஒருத்தி நின்றுவிடுவாள். ஆகவே சீட்டு மாற்றாமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அவளிடம் ஐந்து சீட்டும் சேர்ந்த முழுக் கை, மூன்று ஒரே மாதிரி வைத்திருப்பவரையும் வெல்லும் கை, இருக்கிறது என்று அர்த்தம். அது ஆண்கள் வரைக்கும் தெரிந்த விஷயம். பயறு மேசைப் பெண்களின் நேர்மையைப் பற்றி வியாழக்கிழமைகளில் ஒரு பாட்டம் சிரிப்பார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் பருத்தி அரவை தொடங்கிய சமயத்தில் ஜின்னிங் ஆலை மேசையில் ஒரு நாற்காலி காலியானது. அதில் உட்கார்ந்தவர் மகளோடு இருக்க அரிசோனா போய்விட்டார். அந்த வியாழக்கிழமை ஒனெய்டா தட்டை வைத்தாள், திரும்பவில்லை.

"அந்த நாற்காலில நான் உட்கார்றேன்," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியவன் பஸ்டர் கில்லம். ஆலை அவனுடையது, மேசையும் அவனுடையது.

"மிஸ் ஒனெய்டா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஆடுறது பயறு. தண்ணியில்லாத தொட்டில நீச்சல் பழகிட்டு ஆத்துல குதிக்கிறேங்கிறீங்க."

"கை கால எப்படி அடிக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டுக் குதிக்கிறேன். உங்காளுங்க அது கூடத் தெரியாமக் குதிச்சவங்க. போன வாரம் மாட்டு டாக்டர் வராத ஒரு சீட்டுக்காகக் காசக் கொட்டிட்டே இருந்தாரே, நான் பின்னாடிதான் நின்னேன்."

"என்னை ஏன்மா இழுக்கிறீங்க?" என்றார் மாட்டு டாக்டர். காது சிவந்துவிட்டது.

லாவெல்லுக்குத் தர்மசங்கடம். உள்ளதைச் சொன்னால், பொண்டாட்டியைப் பற்றிப் புலம்புவதற்கு ஊரில் அவனுக்கு இருந்த ஒரே இடம் அந்த மேசைதான். "வேணாம் ஒனெய்டா. இவங்க காசு வெச்சு ஆடிப் பழகினவங்க. காசுன்னா உனக்குக் கை நடுங்கும். பயறுக்கு யாருக்கு நடுங்கியிருக்கு?"

"நடுங்கட்டும். என் கைதானே?"

பஸ்டர் சற்று யோசித்துவிட்டு நிபந்தனை சொன்னான். "சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு வாங்க. சாயங்காலச் சங்கு ஊதுற வரைக்கும் ஆடுவோம். உட்காரும்போது காசு குடுத்து வாங்கின வில்லை அத்தனையும் சங்கு ஊதும்போது உங்க முன்னாடி இருந்தா நாற்காலி உங்களுது. ஒண்ணு குறைஞ்சாலும் இந்தப் பேச்சே இனி கூடாது. சாண்ட்விச் மட்டும் வந்துட்டிருக்கணும்."

அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். காசுக்காக இல்லை. பேருந்தில் பிள்ளைகள், வீட்டில் லாவெல், சபையில் போதகர் என்று வாழ்நாள் முழுக்க யாருக்காவது எதையாவது செய்துகொண்டே இருந்தவள், இது ஒன்றை மட்டும் தனக்காகக் கேட்டாள். தனக்கு நன்றாக வருகிற ஒரு காரியத்தை, அது நன்றாக வருகிறவர்களோடு உட்கார்ந்து செய்ய வேண்டும். அந்த ஆசையை அவள் வெளியே சொல்லவில்லை, ஆனால் வெள்ளிக்கிழமை இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை முதல் ஒரு மணி நேரம் பஸ்டரின் முகம் சுருங்கிப்போனது. உதவாத கையை அவள் யோசிக்காமல் கவிழ்த்தாள். நல்ல கைக்கு அளந்து போட்டாள். நல்ல கை வந்து மாட்டு டாக்டரின் காது சிவக்கும் நேரத்தில் அவர் பக்கமே போகவில்லை. அவள் முன்னால் வில்லைகள் ஏறின.

பிறகுதான் லாவெல் சொன்னது வந்தது. அவள் கையில் மூன்று பத்து. பஸ்டர் ஒரு குவியலை முன்னால் தள்ளினான். அவ்வளவும் தான் இரண்டு வாரம் விடிகாலையில் எழுந்து வண்டி ஓட்டிய கூலி என்று ஒனெய்டாவுக்கு ஞாபகம் வந்தது. கவிழ்த்துவிட்டாள். பஸ்டர் வேண்டுமென்றே தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான், வெறும் இரண்டு ஜோடி, மூன்று பத்துக்குத் தோற்கிற கை. ஆத்திரத்தில் அடுத்த இரண்டு கையிலும் அவள் பயறு மேசைப் பழக்கத்துக்குப் போனாள். பார்க்காமல் விடமாட்டேன் என்று போட்டுப் பார்த்தாள், இரண்டையும் தோற்றாள். வெளியே லாரிகளில் பஞ்சுப் பொதிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் வாங்கின வில்லைகளில் மூன்றில் ஒரு பங்கு இப்போது அவள் முன்னால் இல்லை.

"கடைசிக் கை," என்றான் பஸ்டர், கடிகாரத்தைப் பார்த்து.

லாவெல் முதலில் போட்டான், பெரிதாகவே. பஸ்டரும் டாக்டரும் சரிக்குச் சரி வைத்தார்கள், மற்றவர்கள் கவிழ்த்துவிட்டு ஒதுங்கினார்கள். நடுவில் கிடந்தது கைக்கு வந்தால் அவளுடைய குறை தீரும், மிச்சமும் இருக்கும். ஒனெய்டா தன் சீட்டைப் பார்த்தாள். ராணி, ஒன்பது, எட்டு, நான்கு, இரண்டு. ஒன்றுக்கொன்று உறவே இல்லை. அவளும் வைத்தாள். விட்டால் வேறு கை கிடையாது.

லாவெல் இரண்டு சீட்டு மாற்றினான். மூன்று ஒரே மாதிரி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். மற்ற இருவரும் ஆளுக்கொன்று மாற்றினார்கள், இருவர் முகமும் விழுந்தது. பஸ்டர் கட்டைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு எத்தனை, மிஸ் ஒனெய்டா?" என்றான்.

நான்கு என்று சொல்ல வாய் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். இந்த மேசையில் இருக்கும் ஒவ்வொருவனும் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பன்னிரண்டு வருஷமாக அவளைப் பற்றிச் சிரித்தது அவர்கள்தானே.

"வேணாம். இதுவே போதும்," என்றாள்.

பொய் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்றுதான் சொன்னாள். பிறகு முன்னால் இருந்த அத்தனையையும் நடுவில் தள்ளிவிட்டு, வண்டி ஓட்டும்போது வைப்பதுபோல இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டாள். கை நடுங்கவில்லை. நடுங்குவதற்கு இனி கையில் எதுவும் மிச்சமில்லை.

டாக்டரும் பஸ்டரும் உடனே கவிழ்த்தார்கள். லாவெல் தலையைச் சொறிந்தான்.

"அஞ்சும் அப்படியேவா?"

"அப்படியேதான்."

அவன் ஜன்னலைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான், நடுவில் கிடந்த குவியலைப் பார்த்தான். கடைசியில் மூன்று ராஜாக்களை மல்லாக்கப் போட்டுவிட்டு ஒதுங்கினான். வெளியே சங்கு ஊதியது.

"மூணு ராஜாவையா விட்ட? பொண்டாட்டிக்கு விட்டுக் குடுத்தியா?" பஸ்டர் எழுந்தேவிட்டான்.

"நான் ஏன்டா விட்டுக் குடுக்கப்போறேன்? அவ இங்க வர்றதுல எனக்கென்ன லாபம்? இருபத்தொன்பது வருஷமா கூட இருக்கேன். ஒரு உதார் விட்டு நான் பார்த்ததில்ல. மாத்தலைன்னா இருக்குன்னு அர்த்தம்."

ஒனெய்டா தன் ஐந்து சீட்டையும் கவிழ்த்தபடியே மற்ற சீட்டுகளுக்குள் தள்ளினாள். டாக்டரின் கை நீண்டது. பஸ்டர் அதை ஒரு தட்டுத் தட்டினான். "போட்டுப் பார்க்காத சீட்டை இந்த மேசையில யாரும் தொடக்கூடாது. எங்கப்பா காலத்துச் சட்டம்." பிறகு குவியலை அவள் பக்கம் நகர்த்தினான். எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை. "வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஆரம்பிப்போம், மிஸ் ஒனெய்டா. லேட்டா வராதீங்க."

ஆலையை மூடும்வரை அந்த நாற்காலி அவளுடையதாகவே இருந்தது. பிற்காலத்தில் இளவட்டங்கள் கம்ப்யூட்டரில் பொய்க்காசு வைத்து ஆடிவிட்டு, இது பழக உதவுமா என்று அவளிடம் கேட்பார்கள். "நல்லா உதவும். எது ஜெயிக்கும்னு தெரியும். ஆனா விடத் தெரியாது. அதுக்கு ஏதாவது வலிக்கணும். காசாத்தான் இருக்கணும்னு இல்ல, பாத்திரம் தேய்ச்சாலும் போதும்," என்பாள். உதாரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது லாவெல் வண்டி ஓட்டினான். இரண்டு பக்கமும் பருத்திக் காடு. பாதித் தூரம் போனதும் கேட்டுவிட்டான்.

"இருந்துச்சா, இல்லையா? அது மட்டும் சொல்லு."

"பார்க்கணும்னா போட்டிருக்கணும்."

"நான் உன் புருஷன்டி."

"மேசையில இல்லையே."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"கல்யாணமான புதுசுல டாலஸ்ல டெலிபோன் கம்பெனில வேலை கிடைச்சுதே உனக்கு. நான் இந்த ஊர விட்டு வரமாட்டேன்னேன். நீ, எனக்கும் அங்க போக இஷ்டமில்லன்னு சொன்ன. அது உதாரா?"

ஒனெய்டா பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு நீ நிறையவே போட்டுட்ட லாவெல், இத்தனை வருஷம். அதனால காட்டிடுறேன். போகணும்னு இருந்துச்சு. ரொம்ப ஆசையா இருந்துச்சு."

லாவெல் வண்டியை ஓரமாக நிறுத்தினான். பின்னால் வந்த பஞ்சு லாரி ஒலி எழுப்பிவிட்டு விலகிப் போனது.

"எனக்கு ஏன் தெரியாமப் போச்சு?"

"நீ அன்னிக்கு என் மூஞ்சியப் பார்க்கவே இல்ல."

அவன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். திரும்பி உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தான், வெகுநேரம்.