கேமராவைப் பார்த்தவள்

கிள்ளி நாலைந்து மணி நேரமான தேயிலைக் கொழுந்து சாக்குக்குள்ளேயே புழுங்கினால் பச்சையும் புளிப்புமாக ஒரு வாடை அடிக்கும். அதோடு நனைந்த கம்பளியின் வாடையும், பெண்கள் அதக்கிய வெற்றிலையின் வாடையும் சேர்ந்தால் அதுதான் எனக்குச் சனிக்கிழமை. மாட்டுப்பட்டிக்கு மேலே எங்கள் எஸ்டேட் டிவிஷனின் எடைக் கொட்டகையில் கடைசி நிறுவை நடக்கும் நேரம் அது. வாரம் முழுக்கக் கொழுந்தை நிறுத்த தராசுக்குப் பக்கத்திலேயே, அந்த ஒரு சாயங்காலம் மட்டும், டவுன் டாக்கீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் படத்தையும் நிறுத்துப் பார்ப்பார்கள். நிறுத்துச் சொல்பவர் என் அப்பா.

அப்பாவுக்கு எஸ்டேட்டில் "தபால்" வேலை. காலையில் ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுனுக்குப் போய், கடிதங்களை வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். சனிக்கிழமைகளில் கீழேயிருந்து வரும் தபால் பஸ் மூன்று மணிக்கு முன்னால் வந்த சரித்திரமே இல்லை என்பதால், அதுவரை அவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை, எஸ்டேட்டை நடத்தும் துரை உட்பட. காலைக் காட்சி முடிந்து, பையை நிரப்பிக்கொண்டு, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து நாலரை மணிவாக்கில் கொட்டகை ஓரம் நிற்பார். சாக்கை இறக்கிவிட்ட பெண்கள் லயத்து வீடுகளுக்குப் போகாமல் அவர் வாயைப் பார்த்து நிற்பார்கள்.

ஒரு சினிமாவுக்கு இத்தனை ஏற்பாடா என்று நீங்கள் நினைக்கலாம். மறுநாள் மாதா கோவிலில் பூசை முடிந்ததும் டவுனுக்கு ஒரே ஒரு ஜீப் போகும். ஒரு குடும்பத்துக்கு அதில் இடம் கிடைப்பது மாதத்தில் ஒரு ஞாயிறுதான். அதைப் பாழும் படமொன்றில் தொலைத்துவிட்டு வந்தால் அடுத்த மாதம்வரை மனசு ஆறாது. கீழே ஓடி ஓய்ந்த பிறகுதான் படப்பெட்டி மலையேறும் என்றாலும், எங்களுக்கு அது சுடச்சுடப் புதுப்படம்தான். லயத்து இளவட்டங்களைக் கேட்டுப் பயனில்லை. எந்தப் படத்துக்கும் அவர்களிடம் "அடிபொளி" என்ற ஒற்றை மலையாளச் சொல்தான் உண்டு. அதை நம்பிப் போனவர்கள் தலைவலித் தைலம் தடவிக்கொண்டு திரும்பினார்கள்.

அப்பா குறையை முதலில் சொல்வார். "குறையக் கேட்டபெறகும் போகணும்னு தோணுச்சுன்னா, அதுதான் போக வேண்டிய படம்" என்பார். ஒரு படத்தைப் பற்றி, "அழுக ஜாஸ்தி, காரணம் கம்மி" என்றார். இன்னொன்றைப் பற்றி, "வில்லன் பக்கம் ஞாயம் இருக்கு, கதாநாயகன் பக்கம் பாட்டுதான் இருக்கு" என்றார். குறையெல்லாம் முடிந்து, ஒரு பீடியும் முடிந்து, அதற்குப் பிறகுதான் நிறை. அதைக் கஞ்சத்தனமாகத்தான் சொல்வார். ஆனால் அவர் நிறை என்று சொன்னது நிறையாகத்தான் இருந்தது. அதனால் அவர் சொன்னால் ஜீப் நிறைந்தது, சொல்லாவிட்டால் பாதி காலியாகப் போயிற்று.

அவர் கண்ணுக்குத் தப்பாத குற்றம் ஒன்று உண்டு. சந்தைக் கூட்டத்திலோ கல்யாணக் கூட்டத்திலோ நிற்கிற யாராவது ஒருவர் கேமராவைப் பார்த்துவிடுவார். நாங்கள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டோம், அப்பா கவனித்திருப்பார். "நடிக்கிறவன் எதுக்க நிக்கிற ஆளப் பாப்பான். கேமராவப் பாக்குறவன் கண்ணாடி பாக்குறான், அவனுக்கு இந்தத் தொழில் ஆகாது" என்பார். தாட்சணியம் என்பது அவருக்குக் கிடையாது. எங்கள் கோவிலில் தவக்காலத்தில் நடந்த, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தைப் பற்றி அதை எழுதிய பங்குச் சாமியாரே ஆசையாகக் கேட்டபோது, "சாமி, யூதாசு ஒருத்தன்தான் உருப்படியா நடிச்சான்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். இயேசுவாக நடித்தது எங்கள் பெரியப்பா. அந்த வருஷம் ஈஸ்டருக்கு அவர் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை.

நான் ஆறாம் வகுப்பில் இருந்த வருஷம் எங்கள் டிவிஷனுக்கு ஒரு தமிழ்ப்பட கோஷ்டி வந்தது. சினிமாக்காரர்கள் அந்த மலைக்குப் புதியவர்கள் இல்லை; பாட்டுக்கு ஆடிவிட்டு, மிதிபட்ட செடியை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இந்தத் தடவை கதைக்கே கொழுந்து கிள்ளும் பெண்கள் தேவைப்பட்டார்கள். முப்பது பேரை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்து, பேசுவதற்கு ஒருத்தி வேண்டும் என்று என் ரெஜினா சித்தியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. தாத்தா இறந்தபின் எங்களோடுதான் இருந்தாள். அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும். கைவேகத்தில் டிவிஷனில் முதல் ஆள், வாய்வேகத்திலும்தான். கதாநாயகன் காதலியைத் தேடித் தோட்டத்துக்குள் ஓடிவருவான். சித்தி கொழுந்து கிள்ளிக்கொண்டே நிமிர்ந்து, "அந்தப் புள்ள மலையிறங்கி மூணு நாளாச்சுய்யா" என்று சொல்ல வேண்டும். வசனம் அவ்வளவுதான். கேமராவுக்கு இடப்பக்கம் தள்ளி நின்ற சில்வர் ஓக் மரத்தைக் காட்டி, அதுதான் கதாநாயகன், அதைப் பார்த்துச் சொல் என்றார்களாம். இரண்டே தடவையில் சரியாகச் சொல்லிவிட்டாள். ஆள் சேர்க்கும் மேனேஜர் ஒரு சீட்டில் சென்னை விலாசத்தை எழுதிக் கொடுத்து, "படம் வந்ததும் வாம்மா, சின்னச் சின்ன வேஷம் நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சீட்டு வந்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. அம்மாவுக்குச் சென்னை என்றால் போனவர் திரும்பாத ஊர். கல்யாணம் ஆகாத பெண், தெரிந்தவர் என்று ஒரு நாய்க்குட்டிகூட அங்கே கிடையாது, இங்கே நின்றுபோனால் திரும்பக் கிடைக்காத நிரந்தர வேலை என்று அம்மா தினமும் அடுக்குவாள். சித்தி எதிர்த்துப் பேசவில்லை. ஒரே ஒரு பதிலை வைத்திருந்தாள்: "அத்தான் படத்தப் பாத்துட்டு வரட்டும். நான் தேறுவேன்னு அவரு சொன்னா மறுவாரம் பஸ்ஸேறிருவேன். தேறமாட்டேன்னு சொன்னா வாயப் பொத்திக்கிட்டுக் கொழுந்துக்குப் போறேன்." பூசையில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவள் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன். அது ஜெபமில்லை, மலையிறங்கிய புள்ளைதான்.

ஏழெட்டு மாதம் கழித்து படம் டவுனுக்கு வந்தது. சனிக்கிழமை காலை, அப்பா கிளம்பும்போது, அடுப்படியில் அம்மா அவரிடம் மெதுவாகச் சொன்னதை நான் தலை பின்னிக்கொண்டே கேட்டேன். "எப்படி இருந்தாலும் நல்லா இல்லன்னு சொல்லிருங்க. ஒங்க வார்த்தைக்குத்தான் அவ கட்டுப்படுவா." அப்பா பாலில்லாத கட்டஞ்சாயாவை ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்து, "பாக்காத படத்தப் பத்தி நான் பேசுறதில்ல" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு எடைக் கொட்டகையில் நின்ற கூட்டத்தைத் திருவிழாவில்தான் பார்க்க முடியும். பக்கத்து டிவிஷனிலிருந்தும் வந்திருந்தார்கள். நிறுக்கிற ரைட்டர்கூடப் பேனாவை மூடிவிட்டார். அப்பா வழக்கம்போலக் குறையிலிருந்து ஆரம்பித்தார். கதை பாதிவரைக்கும் மேடேறுகிற லாரி, பிறகு பிரேக் இல்லாத லாரி. தேயிலைக் கூடையைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். கதாநாயகி மழையில் நனைகிறாள், புடவை நனையவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. சாக்கை மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "அத்தான், நான்?" என்றாள்.

"குரல் ஒன்னோடது இல்ல ரெஜினா. வேற யாரையோ பேச வச்சிருக்காவ. பட்டணத்துப் பிள்ள குரலு."

சித்தி ஒரு நொடிதான் யோசித்தாள். "குரலுக்கு ஆளு வச்சுக்கிட்டாங்கன்னா மொகம்தான அவங்களுக்கு வேணும்? மொகம் எப்படி இருந்துச்சு?"

கூட்டம் அவள் பக்கம்தான் இருந்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையை நிமிர்த்தாமல் சாக்குக் கயிற்றில் இல்லாத முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தராசின் முள்ளைப் பார்த்தபடி, "கேமராவப் பாத்துட்ட" என்றார். பீடிகூடப் பற்றவைக்காமல் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நிறை என்ன என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

இருந்தும் மறுநாள் ஜீப்பில் இடம் போதவில்லை. நாங்கள் பதினாறு பேர் ஒருவர் மடியில் ஒருவராகத் திணித்துக்கொண்டு போனோம். சித்தியும் வந்தாள். தோட்டக் காட்சி வந்தது. சித்தியின் முகம் திரையளவுக்குப் பெரிதாக வந்தது. எங்கள் வரிசை முழுக்கக் கூச்சல். கூச்சல் அடங்குவதற்குள் முகம் போய்விட்டது. முகமும் இல்லை, கண்ணும் இல்லை, எனக்கு ஞாபகம் இருந்தது ஒரு மூக்குத்திதான். திரும்பி வரும் வழியெல்லாம் ஜீப்பில் சண்டை. பார்த்தாள் என்று பாதிப்பேர், பார்க்கவில்லை என்று பாதிப்பேர். கடைசியில், "தபால்காரரே சொல்லிட்டாருல்ல" என்று யாரோ சொல்ல, பேச்சு அதோடு நின்றது. சித்தி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்துக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷமே பாக்டரியில் வேலை செய்தவர் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான்.

அப்பா அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் கொட்டகைக்கு வந்தார், படம் சொன்னார். ஆனால் கதையைச் சொல்வார், பாட்டைச் சொல்வார், யார் எப்படி நடித்தார்கள் என்பதற்குள் போகமாட்டார். நான் அதை அப்போதே கவனித்தேன். அர்த்தம் மட்டும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்றும் சொல்லலாம்.

அந்த டாக்கீஸ் இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் நாலு மாடி விடுதி நிற்கிறது. படப்பெட்டி மலையேறுவதில்லை, படம் நேராகச் சட்டைப்பைக்குள் வந்துவிடுகிறது. நான் இப்போது பாலக்காட்டு எல்லையில், ஆனைகட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் படம் வெளியான அன்று காலை பதினோரு மணிக்கே நிறைகுறை எல்லாம் பேசி முடித்துவிடுகிறார்கள். இடைவேளைவரைதான் படமே ஓடியிருக்கும். யாருடைய தீர்ப்புக்காகவும் யாரும் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. அது நல்லதற்குத்தான் என்றே நினைக்கிறேன். ஒருவர் வார்த்தைக்கு அத்தனை எடை இருந்திருக்கக் கூடாது.

அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அந்தப் படத்தை யாரோ இணையத்தில் போட்டிருப்பதைப் பார்த்தேன். நிறமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. தோட்டக் காட்சியில் நிறுத்தி, ஒவ்வொரு படச்சட்டமாக நகர்த்தினேன். சித்தி நிமிர்கிறாள், வாய் திறக்கிறாள், மூடுகிறாள். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அவள் கண் நம்மைத் தாண்டி ஓரத்தில் எதையோ பார்க்கிறது. ஒரு சட்டத்தில்கூட நம்மைப் பார்க்கவில்லை. நன்றாகவும் இருந்தாள். எனக்கு அப்பாமேல் வந்த கோபம் இரண்டு நாள் தணியவில்லை. செத்துப்போன மனிதரிடம் கோபப்படுவது போல அலுப்பான வேலை வேறு கிடையாது.

கிறிஸ்துமஸுக்கு மலைக்குப் போனேன். ஓய்வு பெற்றுவிட்ட சித்தி, அதே டிவிஷனில் மகன் வீட்டில் இருக்கிறாள். மருமகள் வெளியே போன நேரம் பார்த்து போனை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் இருபத்திரண்டு வயது முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீ கேமராவப் பாக்கவே இல்ல சித்தி. அப்பா சொன்னது பொய்" என்றேன்.

"அத நீ இத நிறுத்தி நிறுத்திப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணுமாட்டி? நான் எங்க பாத்தேன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அங்கேயே கேட்டிருக்க வேண்டியதுதானே? பஸ்ஸேறிப் போயிருக்க வேண்டியதுதானே?"

சித்தி போனை என் கையில் திருப்பி வைத்தாள். "பொய்யே சொல்லத் தெரியாத மனுசன், நான் ஒங்க எல்லாரு கண்ணுக்கு முன்னாலயே இருக்கணும்னு அத்தன பேரு மத்தியில ஒரு பொய்யச் சொல்லிட்டாரு. நான் போயி நல்லா வந்திருந்தா, ஊரு ஒங்கப்பாவ என்னன்னு சொல்லியிருக்கும்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை.