பள்ள உள்

முதலில் சத்தம்தான் வரும். "களக், களக்" என்று யாரோ வாய் கொப்புளிப்பது போல முற்றத்து மூலையில் தண்ணீர் வெளியேற இருந்த "ஜலதாரை" இரண்டு மூன்று தடவை கனைக்கும். பிறகு அழுகிய வாழையிலையும் புளிச்சக்கையும் கலந்த நாற்றம் ஒன்று கூடம்வரை வந்து நிற்கும். அதற்கும் பிறகுதான் தண்ணீர், போன வழியிலேயே திரும்பி வரும். மயிலாப்பூரில் எங்கள் தெருவை மண் கொட்டி மேடாக்கியவர்கள் வீடுகளையும் சேர்த்துத் தூக்கி வைக்க மறந்துவிட்டதால், ஒவ்வோர் ஐப்பசியிலும் இந்த விருந்தாளி எங்களுக்கு நிச்சயம்.

வீட்டிலேயே தாழ்வான இடம், முற்றத்தைத் தாண்டிப் புழக்கடைக்குப் போகும் வழியில் படியிறங்கிப் போகவேண்டிய, ஜன்னல் இல்லாத ஓர் அறை. "பள்ள உள்" என்போம். விறகும் தேங்காயும் போட்டு வைக்க ஏற்பட்டது அது. ஆனால் மாதாமாதம் அம்மா விலகி உட்கார்ந்ததும் அங்கேதான். பிள்ளை பெற்றவர்கள் பத்து நாள் தீட்டுக் கழியும்வரை கிடந்ததும் அங்கேதான். வீட்டுக்குள் தண்ணீர் முதலில் போய்ச் சேருகிற இடமாகப் பார்த்துப் பெண்களைப் படுக்கவைத்தார்களே, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒன்பது வயது. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வருஷம் அங்கே கிடந்தவள் அலமேலு அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. தலைப்பிரசவத்துக்குப் பிறந்தகம் வந்திருந்தாள். அவளுடைய லேகியத்துக்கு வேண்டிய சுக்கைக்கூட அப்பா கடைத்தெருவில் தாமே பொறுக்கி வாங்கிவருவார், அவ்வளவு பிரியம். பெண் குழந்தை பிறந்து ஓரிரு நாளில் அடைமழை பிடித்தது. ஜலதாரை கனைத்தது. மாலைக்குள் பள்ள உள்ளில் கணுக்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். அப்பா உள்ளே போய், அத்தையின் கயிற்றுக் கட்டிலைச் செங்கல் அடுக்கி உயர்த்திவிட்டு, கிணற்றடியில் தலை முழுகிவிட்டு வந்தார்.

அடைப்பு இருந்தது புழக்கடையில், ஒரு மூடிக்கல்லுக்கு அடியில். அந்தக் கல்லைத் தொடும் வழக்கம் எங்கள் வீட்டில் எவருக்கும் இல்லை. அதற்கென்று கன்னியப்பன் வருவார், கையில் நீள மூங்கிலோடு. எங்கள் அப்பா வயசுக்காரரை நாங்கள் சிறுசுகள்கூட "வாடா, போடா" என்போம். அவருடைய ஜாதிக்கு வாசல் வழி கிடையாது. பின்பக்கத்துச் சந்தோடுதான் வரவேண்டும். அந்தச் சந்தோ அப்போது முழுகிக் கிடந்தது. மறுநாள் காலை அவர் தெருவில் நனைந்தபடி நின்றார்.

"சந்துல கழுத்து மட்டும் தண்ணி கீது சாமி. இப்டிக்கா உள்ள வுட்டீங்கன்னா ஒரே குத்து, தள்ளிட்டுப் பூட்றேன்."

அப்பா வாசலை ஒட்டிய ரேழியிலேயே நின்றார். அந்த வாரம்தான் தாத்தாவின் திவசம். கன்னியப்பன் வீட்டுக்குள் நடந்தால் திவசம் பண்ணிவைக்கும் வாத்தியார் வாசற்படி மிதிக்கமாட்டார். அத்தையைக் கூடத்துக்குத் தூக்கிவந்தாலும் அதே கதைதான். தண்ணீர் வடிந்ததும் சந்து வழியாக வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அடுக்களை நிலையைப் பிடித்தபடி அம்மா, "பிள்ளை பெத்தவ தண்ணிக்கு மேல படுத்துண்டிருக்கா" என்றாள்.

பத்தியச் சாதத்தைப் படியில் வைத்துவிட்டு வருவது என் வேலை. குளிருக்கு வைத்த கும்முட்டியில் கரி நமுத்துப்போய் வெறும் புகையாக வரும். ஓரமாக விட்டால் தண்ணீரில் சரிந்துவிடும் என்று அத்தை குழந்தையைத் தன் மார்மேலேயே போட்டுக்கொண்டிருப்பாள். "கிட்ட வராதேடி, தீட்டு. அண்ணாட்டச் சொல்லி இன்னொரு கம்பளி வாங்கிண்டு வா. ரொம்பக் குளிர்றது" என்றாள். கம்பளிக்குத் தீட்டில்லை என்பார்கள். அதனால் கம்பளி மட்டும் தாராளமாகப் போயிற்று. ஜுரம் வந்தது, ஜன்னியாக மாறியது. டாக்டர் பூட்ஸ் காலோடு வாசல் வழியாகவே வந்து பார்த்துவிட்டுப் போனார். திவசத்துக்கு முதல் நாள் விடிகாலையில் அத்தை போய்விட்டாள்.

அவளை முற்றத்தில் கிடத்திக் குளிப்பாட்ட வேண்டும். முற்றம் முழுக்கச் சாக்கடைத் தண்ணீர். சந்து இன்னும் வடியவில்லை. அப்பா கன்னியப்பனுக்கு ஆள் அனுப்பி, வாசலில் தாமே போய் நின்று, "உள்ளே வா. சாவு விழுந்த ஆத்துல யார் வந்தா என்ன" என்றார். கன்னியப்பன் வெகுநேரம் தயங்கினார். பிறகு கையை ஒடுக்கிக்கொண்டு, சுவரில்கூடப் படாமல், கூடத்தின் ஓரமாக நடந்து போனார். அவர் சொன்னபடி ஒரே குத்துதான். இலையும் தேங்காய் நாருமாக ஒரு பொதி பிடுங்கிக்கொண்டு போக, தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கிற்று. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பள்ள உள்ளின் தரையும், கட்டிலுக்கு அடியில் அப்பா அடுக்கிய செங்கற்களும் தெரிந்தன.

"கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். அப்பா தூணில் முகத்தை வைத்து அழுதார். மறுநாள் திவசமும் நடக்கவில்லை, சாவுத் தீட்டு. அப்பா கெட்டவர் அல்லர். ஆனால் அன்றைக்கு அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று, அப்புறம் முழுதாகப் பிடிக்கவே இல்லை.

அந்த வீட்டை இடித்து வெகுகாலம் ஆகிறது. அதே மனையில் எழும்பிய அடுக்கு வீட்டில்தான் நானும், அத்தையின் பெண் சாரதாவும் இருக்கிறோம். அவளை என் அம்மாதான் வளர்த்தாள். ஜுரத்தில் போனாள் என்பதற்கு மேல் தன் தாயைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. சந்து இல்லை, முற்றம் இல்லை. பள்ள உள் இருந்த பக்கம் நிலத்துக்கடியில் கார்கள் நிற்கின்றன. போனவற்றில் எத்தனையோ நினைத்து ஏங்குகிறேன், அந்த அறைக்காக ஒரு நாளும் ஏங்கியதில்லை. மழைக்கு இன்றும் அங்கே தண்ணீர் எதிர்த்து வரும். எங்கள் குளியலறை வடிகுழாயும் கனைக்கும். குழாய்க்காரருக்குச் சொல்லி அனுப்பிய கையோடு வாசற்கதவை விரியத் திறந்து வைத்துவிடுவேன். சாரல் அடித்துக் கூடமெல்லாம் நனைகிறது, அவர் வந்து மணியடித்தால் திறக்கக்கூடாதா என்று சாரதா கத்துவாள்.

நனையட்டும் என்று உட்கார்ந்திருப்பேன்.